மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா-அமிலேஸ் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்வேதியியல் படிப்பவர்கள், ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள், இரத்தப் பரிசோதனைத் தாளில் 'அமிலேஸ்' என்று பார்த்துவிட்டுத் தேடி வருபவர்கள் என எல்லோரும் கேட்கும் கேள்விகள் இங்கே கலந்து கிடக்கின்றன. வேண்டியதற்கு நேராகப் போய்க்கொள்ளலாம். 5, 6 இரண்டையும் மட்டும் படித்துவிடுங்கள். மற்ற பதில்களில் பாதி அவற்றை நம்பித்தான் இருக்கின்றன.

1. ஆல்ஃபா-அமிலேஸ் குடும்பம் என்று எதைச் சொல்கிறார்கள்?

எச்சிலில் அமிலேஸ் இருப்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அதே சாடையுள்ள நொதிகள் பாக்டீரியா, பூஞ்சை, செடி, விலங்கு எல்லாவற்றிலும் இருக்கின்றன. அமினோ அமில வரிசையில் ஒற்றுமை தெரியும், புரதம் மடிந்திருக்கும் விதமும் ஒன்றாகவே இருக்கும். இவற்றை ஒன்றாகச் சேர்த்து 'கிளைக்கோசைடு ஹைட்ரோலேஸ் குடும்பம் 13' என்று எண் கொடுத்திருக்கிறார்கள். சுருக்கமாக ஜி.எச்.13. இதுவரை இதில் சேர்க்கப்பட்ட புரத வரிசைகள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன.

பெயரில் 'அமிலேஸ்' இருப்பதால் எல்லாமே மாவுச்சத்தை வெட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சில வெட்டும், சில வெட்டி வேறிடத்தில் ஒட்டும், சில சர்க்கரைச் சங்கிலியைப் புதிதாகக் கட்டும். ஒன்றிரண்டு எதையுமே செய்யாது. இந்தக் குடும்பத்தில் உறவு என்பது உடல்வாகை வைத்துத்தான், செய்யும் தொழிலை வைத்து அல்ல.

2. மாவுச்சத்தை உடைக்க ஒரு நொதி போதாதா? ஏன் இத்தனை?

மாவுச்சத்து முழுக்க முழுக்க குளுக்கோஸ்தான். ஆனால் கோத்திருக்கும் விதம் இரண்டு. அமிலோஸ் என்பது பெரும்பாலும் கிளையில்லாத நீளச் சங்கிலி. அடுத்தடுத்த குளுக்கோஸ்களை ஆல்ஃபா-1,4 பிணைப்பு இணைக்கிறது. அமிலோபெக்டினில் அதே சங்கிலியில் ஏறத்தாழ 24 முதல் 30 குளுக்கோசுக்கு ஒரு கிளை பிரியும். கிளை பிரியும் இடத்தில் இருப்பது ஆல்ஃபா-1,6 பிணைப்பு. சாதாரண மாவுச்சத்தில் 70 முதல் 80 சதவீதம் அமிலோபெக்டின், மீதி அமிலோஸ். விலங்குகள் சேமிக்கும் கிளைக்கோஜனும் இதே சாதிதான், கிளைகள் இன்னும் நெருக்கம்: 8 முதல் 12 குளுக்கோசுக்கு ஒன்று.

ஆல்ஃபா-அமிலேஸ் 1,4 பிணைப்பைத்தான் வெட்டும். 1,6 கிளைமுனைக்குப் பக்கத்தில் வந்தால் நின்றுவிடும். அதனால் அது தனியாக வேலை செய்தால் கடைசியில் மால்டோஸ் (இரண்டு குளுக்கோஸ்), மால்டோட்ரையோஸ் (மூன்று குளுக்கோஸ்), கிளையோடு சேர்ந்த குட்டைத் துண்டுகள் ஆகியவை மிஞ்சும். அந்தத் துண்டுகளுக்கு 'எல்லை டெக்ஸ்ட்ரின்' என்று பெயர். கிளையை அறுக்க ஐசோஅமிலேஸ், புல்லுலனேஸ் போன்றவை வேண்டும். இவை இரண்டும் ஜி.எச்.13-ஐச் சேர்ந்தவையே.

3. ஆல்ஃபா-அமிலேஸ், பீட்டா-அமிலேஸ், குளுக்கோஅமிலேஸ் மூன்றும் உறவா?

இல்லை. தேர்விலும் நேர்முகத்திலும் அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான்.

ஆல்ஃபா-அமிலேஸ் ஜி.எச்.13. பீட்டா-அமிலேஸ் ஜி.எச்.14. குளுக்கோஅமிலேஸ் ஜி.எச்.15. ஆல்ஃபா சங்கிலியின் நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். அதனால் கெட்டியான கூழ் சட்டென்று நீர்த்துவிடும். பீட்டா நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோசாக, அதாவது மால்டோசாக, கழற்றிக்கொண்டே வரும். இது செடிகளிலும் சில பாக்டீரியாக்களிலும் இருக்கிறது, மனித உடலில் இல்லை. குளுக்கோஅமிலேஸ் அதே நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோசாக எடுக்கும்; மெதுவாக என்றாலும் 1,6 பிணைப்பையும் அறுக்கும்.

ஆல்ஃபா, பீட்டா என்ற அடைமொழி பிணைப்பைக் குறிப்பதல்ல. இரண்டுமே வெட்டுவது ஆல்ஃபா-1,4 பிணைப்பைத்தான். வெட்டிய பிறகு வெளியே வரும் சர்க்கரையின் முதல் கார்பனில் ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். ஆல்ஃபா-அமிலேஸ் பழைய நிலையையே வைத்துக்கொள்ளும், பீட்டா-அமிலேஸ் திருப்பிவிடும். ஏன் என்பது 5-ஆம் கேள்வியில் இருக்கிறது.

மனிதச் சிறுகுடலின் சுவரில் மால்டேஸ்-குளுக்கோஅமிலேஸ், சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் என்று இரண்டு நொதிகள் உண்டு. கடைசிக் கட்டச் செரிமானம் அவற்றின் பொறுப்பு. அவை ஜி.எச்.31, அதாவது இன்னொரு குடும்பம். பெயரில் 'குளுக்கோஅமிலேஸ்' இருந்தும் பூஞ்சையின் குளுக்கோஅமிலேசோடு அதற்கு ஒட்டுறவு கிடையாது.

4. இந்தக் குடும்ப எண்களை யார், எதை வைத்துக் கொடுத்தார்கள்?

அதற்கு முன்பு இருந்தது வேலையை வைத்துக் கொடுக்கும் எண். ஆல்ஃபா-அமிலேஸ் 3.2.1.1, பீட்டா 3.2.1.2, குளுக்கோஅமிலேஸ் 3.2.1.3. வரிசையாக இருப்பதைப் பார்த்தால் சகோதரர்கள் மாதிரி தோன்றும். வேலையைத் தெரிந்துகொள்ள நல்ல முறைதான். உறவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

1991-இல் பெர்னார் ஆன்ரிசா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இந்த நொதிகளை அமினோ அமில வரிசையின் ஒற்றுமையை வைத்துப் பிரித்தார். அதிலிருந்துதான் இன்றைய ஜி.எச். எண்கள் வந்தன. கேஸி என்ற இணையத் தரவுத்தளம் அந்தப் பட்டியலைத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறது. ஜி.எச்.13 மிகவும் பெருத்துவிட்டதால் 2006-இல் அதை 35 துணைக்குடும்பங்களாகப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கை 40-ஐத் தாண்டிவிட்டது. ஜி.எச்.70, ஜி.எச்.77 இரண்டும் நெருங்கிய பங்காளிகள். மூன்றையும் சேர்த்து 'குலம் எச்' என்கிறார்கள்.

வேலை எண்ணில் 3 என்று தொடங்கினால் நீரால் பிளக்கும் நொதி, 2 என்றால் இடம் மாற்றும் நொதி, 5 என்றால் உருமாற்றும் நொதி. ஜி.எச்.13-க்குள் இந்த மூன்றுமே இருக்கின்றன. புல்லுலனேஸ் 3.2.1.41, கிளையிடும் நொதி 2.4.1.18, ட்ரெஹலோஸ் சிந்தேஸ் 5.4.99.16. ஒரே கூரைக்குக் கீழே ஏறத்தாழ 30 விதமான வேலைகள்.

5. உள்ளே வெட்டு எப்படித்தான் நடக்கிறது?

முதலில் அமைப்பு. எட்டு பீட்டா இழைகள் உள்வட்டமாகவும் எட்டு ஆல்ஃபா சுருள்கள் அவற்றைச் சுற்றி வெளிவட்டமாகவும் நிற்கின்றன. பாடப்புத்தகங்களில் 'டிம் பீப்பாய்' என்று இருக்கும். இது ஏ பகுதி. மூன்றாவது இழைக்கும் மூன்றாவது சுருளுக்கும் நடுவிலிருந்து ஒரு பெரிய வளையம் வெளியே நீண்டு பி பகுதியாகிறது. கடைசியில் ஒரு சி பகுதி. ஏ-வும் பி-யும் சேரும் இடத்தில் ஒரு நீளமான பள்ளம். மாவுச்சத்துச் சங்கிலி வந்து படுப்பது அதில்தான். ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையின் டாக்கா-அமிலேஸ் ஏ இந்தக் குடும்பத்தில் முதன்முதலில் விரிவாகப் படம் பிடிக்கப்பட்ட நொதி. 1984-இல் அதன் முப்பரிமாண அமைப்பு விளக்கமாக வெளியானது.

பள்ளத்தின் அடியில் மூன்று அமினோ அமிலங்கள் காத்திருக்கின்றன. நான்காவது இழையின் முனையில் ஒரு அஸ்பார்டிக் அமிலம், ஐந்தாவதில் குளூட்டமிக் அமிலம், ஏழாவதில் இன்னொரு அஸ்பார்டிக் அமிலம். மனிதக் கணைய அமிலேசில் இவற்றின் எண்கள் 197, 233, 300. எச்சில் அமிலேசிலும் அதே எண்கள்தான்.

இனி வேலை. சங்கிலி பள்ளத்தில் உட்கார்ந்ததும் குளூட்டமிக் அமிலம் தன்னிடமுள்ள புரோட்டானைப் பிணைப்பின் நடுவிலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அதே நேரம் முதல் அஸ்பார்டிக் அமிலம் எதிர்ப்பக்கத்திலிருந்து சர்க்கரையின் முதல் கார்பனைப் பிடிக்கிறது. பிணைப்பு அறுகிறது. ஒரு துண்டு விலகிப் போய்விடும். மற்றொரு துண்டு நொதியோடே உண்மையான சகப்பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். இந்த இடைநிலை கற்பனை அல்ல. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற குளுக்கோஸ் வளையத்தைச் செய்யும் நொதியில் இதைப் படிகமாக்கிப் படமெடுத்து 1999-இல் வெளியிட்டார்கள்.

அடுத்தது இரண்டாம் கட்டம். காலியான இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு வந்து நிற்கிறது. புரோட்டானை இழந்த குளூட்டமிக் அமிலம் இப்போது நீரிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்கிறது. அதனால் தாக்கும் வலு கூடிய நீர் அந்தக் கார்பனைத் தாக்க, நொதியிலிருந்து சர்க்கரை கழன்றுவிடுகிறது. முதல் கட்டத்தில் ஒரு தடவை திரும்பிய கார்பன் இரண்டாம் கட்டத்தில் இன்னொரு தடவை திரும்புகிறது. இரண்டு திருப்பம் சேர்ந்தால் பழைய நிலை. ஆல்ஃபா உள்ளே போய் ஆல்ஃபாவாகவே வெளியே வருவதற்குக் காரணம் இதுதான். பீட்டா-அமிலேசில் நடுவில் ஒட்டும் கட்டமே கிடையாது. நீர் நேரடியாகத் தாக்குகிறது, ஒரே திருப்பம், பீட்டா வெளியே வருகிறது. இந்த இரட்டைத் திருப்ப யோசனையை டேனியல் கோஷ்லாண்ட் 1953-இலேயே எழுதிவிட்டார். நிரூபணம் வர நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆனது.

மூன்றாவது அமிலம், அந்த 300? அது எதையும் பிடிப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. சர்க்கரை வளையம் வளைந்து நெளியும் நொடியில் அதைத் தாங்கிக்கொள்கிறது. சும்மா நிற்பது போலத் தெரிந்தாலும் அதை மாற்றிவிட்டால் நொதி கிட்டத்தட்ட செத்துவிடும்.

6. வெட்டுகிற நொதி எப்படி ஒட்டவும் செய்கிறது?

மேலே சொன்ன இரண்டாம் கட்டத்தைத் திரும்பப் பாருங்கள். நொதியோடு ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துண்டை விடுவிக்க யார் வருகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நீர் வந்தால் பிளவு. நீருக்குப் பதில் இன்னொரு சர்க்கரையின் ஹைட்ராக்சில் வந்தால், துண்டு அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் கட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. பள்ளத்தைச் சுற்றியுள்ள சில அமினோ அமிலங்கள் நீரை ஒதுக்கிச் சர்க்கரைக்கு இடம் கொடுத்தால் போதும், வெட்டும் நொதி ஒட்டும் நொதியாகிவிடும். இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளையிடும் நொதி 1,4 சங்கிலியில் ஒரு துண்டை வெட்டி, இன்னொரு குளுக்கோசின் ஆறாவது கார்பனில் ஒட்டுகிறது. அமிலோபெக்டினுக்கும் கிளைக்கோஜனுக்கும் கிளை கிடைப்பது இப்படித்தான். அதாவது மாவுச்சத்தை உடைக்கும் குடும்பமே மாவுச்சத்தைக் கட்டுவதிலும் பங்கெடுக்கிறது.

சைக்ளோடெக்ஸ்ட்ரின் கிளைக்கோசைல்ட்ரான்ஸ்ஃபெரேஸ் இன்னும் வேடிக்கை. அது ஒட்டுவதற்குத் தேர்ந்தெடுப்பது அதே துண்டின் மறுநுனியை. முடிவில் 6, 7 அல்லது 8 குளுக்கோஸ் சேர்ந்த வளையம் உருவாகிறது. வளையத்தின் உட்புறம் நீரை விரும்பாது, வெளிப்புறம் விரும்பும். நீரில் கரையாத மருந்தையும் சட்டென்று ஆவியாகும் மணப்பொருளையும் உள்ளே வைத்து எடுத்துச் செல்ல இதனால் முடிகிறது. 1891-இலேயே வில்லியர்ஸ் என்ற ஆய்வாளர் இந்த வளையங்களைப் படிகங்களாகக் கண்டார்.

அமிலோசுக்ரேஸ் சாதாரணச் சர்க்கரையான சுக்ரோசை எடுத்து, அதிலுள்ள குளுக்கோசை வரிசையாகக் கோத்து அமிலோஸ் போன்ற சங்கிலியையே செய்கிறது. ட்ரெஹலோஸ் சிந்தேஸ் மால்டோசுக்குள் இருக்கும் பிணைப்பை அவிழ்த்து, துண்டு வெளியே போகும் முன்பே வேறு கோணத்தில் திரும்ப மாட்டி, ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையாக்கிவிடுகிறது.

7. நொதி வேலையே செய்யாத உறுப்பினரும் உண்டாமே?

உண்டு. மனித செல் சவ்வில் அமினோ அமிலங்களைக் கடத்தும் புரதங்களுக்குத் துணையாக நிற்கும் இரண்டு புரதங்கள் இந்தக் குடும்பத்தின் பீப்பாய் அமைப்பைக் கொண்டிருக்கின்றன, ஆனால் சர்க்கரையை வெட்டுவதில்லை. அவற்றில் ஒன்றின் மரபணு பழுதுபட்டால் சிஸ்டினூரியா வரும்: சிஸ்டின் என்ற அமினோ அமிலம் சிறுநீரில் தங்கி, சிறுநீரகத்தில் கல்லாகிறது. மாவுச்சத்து நொதியின் உருவம் சிறுநீரகக் கல் பிரச்சினையில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது பரிணாமத்துக்குப் பழைய பொருளைத் தூக்கிப் போடும் பழக்கமே இல்லை என்று தோன்றும்.

8. கால்சியம் எதற்கு? குளோரைடு எதற்கு?

பெரும்பாலான ஆல்ஃபா-அமிலேசுகளில் ஏ பகுதிக்கும் பி பகுதிக்கும் நடுவில் ஒரு கால்சியம் அயனி இருக்கும். வெட்டும் வேலையில் அதற்கு நேரடிப் பங்கு இல்லை. பள்ளம் சரியான வடிவில் நிற்க அது வேண்டும். கால்சியத்தைக் கவர்ந்து பிடிக்கும் இ.டி.டி.ஏ. சேர்த்தால் அமிலேஸ் தளர்ந்துபோவது இதனால்தான். அதே காரணத்தால், அமிலேஸ் அளக்க வேண்டிய இரத்தத்தை இ.டி.டி.ஏ. குழாயில் எடுக்க மாட்டார்கள்.

குளோரைடு அமிலேசின் வேகத்தைக் கூட்டும்; ஆனால் அது விலங்குகளின் அமிலேசுக்கும் சில பாக்டீரியா அமிலேசுக்கும் மட்டும். ஆய்வகத்தில் எச்சிலை நன்றாக நீர்த்துவிட்டுச் செயல் குறைந்துவிட்டதே என்று குழம்புபவர்கள், தாங்கல் கரைசலில் கொஞ்சம் சாதாரண உப்பு இருக்கிறதா என்று பார்க்கவும்.

9. எச்சில் அமிலேஸ் வாயோடு சரியா?

உணவு வாயில் இருக்கும் நேரம் குறைவு. எச்சில் அமிலேஸ் நடுநிலைக்குச் சற்றுக் கீழே, பி.எச். 6.8 அளவில் நன்றாக வேலை செய்யும். இரைப்பையின் அமிலத்தில் செயலிழந்துவிடும். ஆனால் விழுங்கிய கவளத்தின் உள்பகுதிக்கு அமிலம் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும். அதுவரை உள்ளே வெட்டு நடந்துகொண்டுதான் இருக்கும். மிச்ச வேலை சிறுகுடலில், கணைய அமிலேசின் கையில்.

எச்சில் அமிலேசின் மரபணு ஒரு ஆளுக்கு இரண்டு பிரதிகள் என்றில்லை. சிலருக்குச் சில பிரதிகள்தான், சிலருக்குப் பத்துக்கும் மேல். முதலாம் குரோமோசோமில் வரிசையாக நிற்கின்றன. பரம்பரையாக மாவுச்சத்து அதிகம் உண்ணும் மக்களிடம் சராசரிப் பிரதிகள் அதிகம் என்று 2007-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஓநாயோடு ஒப்பிட்டால் நாயிடம் கணைய அமிலேசின் பிரதிகள் பெருகியிருப்பது 2013-இல் தெரியவந்தது. பிரதி குறைந்தால் உடல் பருக்கும் என்று 2014-இல் ஒரு செய்தி பரவியது. மறு ஆண்டே பிரதிகளை இன்னும் துல்லியமாக எண்ணிப் பார்த்த ஆய்வில் அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. மரபணுப் பரிசோதனை செய்து உணவுத் திட்டம் போட்டுத் தருகிறோம் என்று யாராவது இதைச் சொல்லி வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

10. இரத்தத்தில் அமிலேஸ் அதிகம் என்று வந்திருக்கிறது. கணையம் கெட்டுவிட்டதா?

எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. திடீர் கணைய அழற்சி என்று முடிவு செய்ய மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும்: அதற்கே உரிய மேல்வயிற்று வலி, அமிலேஸ் அல்லது லைப்பேஸ் (கொழுப்பை உடைக்கும் நொதி) இயல்பான உச்ச அளவைப் போல மூன்று மடங்காவது இருப்பது, ஸ்கேனில் தெரியும் மாற்றம். வலி இல்லாமல், எண்ணும் எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தால் வேறு காரணங்கள் நிறைய. எச்சில் சுரப்பி வீக்கம், குறிப்பாக பொன்னுக்கு வீங்கி. சிறுநீரகம் சரியாக வடிகட்டாமல் போவது. சிலருக்கு அமிலேஸ் எதிர்ப்புரதத்தோடு ஒட்டிப் பெரிய மூலக்கூறாகிவிடும்; சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, எண் எப்போதும் அதிகமாகவே இருக்கும், உடலுக்கு ஒரு கெடுதலும் இருக்காது.

எதிர்மாறாகவும் ஏமாற்றும். இரத்தத்தில் டிரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தால் உண்மையான கணைய அழற்சியிலும் அமிலேஸ் சாதாரணமாகத் தெரியக்கூடும். லைப்பேஸ் கூடுதல் நம்பகமானது என்பதால் பல மருத்துவமனைகள் அதையே முதலில் கேட்கின்றன. முதுகுப் பக்கம் பரவும் கடும் மேல்வயிற்று வலி இருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

11. அகார்போஸ் மாத்திரை இந்த நொதிகளைத் தடுக்கிறதா?

ஆமாம். ஆக்டினோபிளேன்ஸ் என்ற பாக்டீரியா தயாரிக்கும் பொருள் அது. நான்கு வளையங்கள் கொண்ட சர்க்கரை போலத் தெரியும்; ஆனால் வெட்டு விழ வேண்டிய இடத்தில் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன் இருக்கிறது. பள்ளத்தில் போய் உட்காரும், வெட்டுப்படாது. கணைய அமிலேசையும் குடல்சுவர் நொதிகளையும் தடுப்பதால், சாப்பிட்டவுடன் சர்க்கரை சரேலென்று ஏறுவது குறையும். செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்தாகும். வாயுத் தொல்லை அதனால்தான்.

இந்த மாத்திரையோடு வேறு நீரிழிவு மருந்தும் எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் சாதாரணச் சர்க்கரை வேகமாகக் கைகொடுக்காது. சுக்ரோசை உடைக்கும் நொதியும் தடுக்கப்பட்டிருக்கும். குளுக்கோசாகவே எடுக்க வேண்டும். கைப்பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

12. 'மாவுச்சத்துத் தடுப்பான்' என்று விற்கும் எடைக்குறைப்பு மாத்திரைகள்?

பீன்ஸ் விதைகளில் அமிலேசை அடக்கும் ஒரு புரதம் உண்மையாகவே இருக்கிறது. விதையைத் துளைக்கும் வண்டுகளிடமிருந்து செடி அதை வைத்துத் தப்பிக்கிறது. அதை மாத்திரையாக்கி 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரிய வியாபாரம் நடந்தது. 1982-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் விற்பனையை நிறுத்தச் சொன்னது. மனிதர்களிடம் சோதித்தபோது மாவுச்சத்து வழக்கம்போலவே செரித்தது. கணையம் தேவைக்குப் பல மடங்கு அமிலேசைச் சுரக்கிறது. அதில் கொஞ்சத்தை அடக்கி என்ன பயன்?

13. இந்த நொதிகள் பழுதானால் என்ன நோய் வரும்?

கிளையிடும் நொதி இல்லாவிட்டால் ஆண்டர்சன் நோய். கிளைக்கோஜன் கிளை விடாமல் நீண்டு, செடியின் அமிலோபெக்டின் போல ஆகிவிடும். சரியாகக் கரையாமல் கல்லீரலில் தேங்கும். பாம்பே (Pompe) நோயையும் பலர் இதே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் குறைவது லைசோசோமில் (செல்லுக்குள் கழிவை உடைக்கும் பை) இருக்கும் அமில ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ், அது ஜி.எச்.31. அந்த நோய்க்குக் குறைந்த நொதியையே ஊசிவழி கொடுக்கும் சிகிச்சை 2006 முதல் இருக்கிறது.

14. அமிலேஸ் வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்க முடியுமா?

அயோடின் போதும். ஒரு சதவீத மாவுச்சத்தைக் கொதிக்கவைத்து ஆறவிட்ட கரைசலில் ஒரு துளி எடுத்து அயோடின் விட்டால் கருநீலம். அமிலோஸ் சுருளாக நிற்க, அதன் நடுக்குழலில் அயோடின் வரிசையாக ஏறிக்கொள்வதால் வரும் நிறம் அது. இப்போது கரைசலில் நீர்த்த எச்சிலைக் கலந்து, வெள்ளைத் தட்டின் குழிகளில் முன்பே அயோடின் துளிகளை வைத்துக்கொண்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளியை அடுத்தடுத்த குழியில் விட்டுக்கொண்டே வாருங்கள். கருநீலம், பிறகு ஊதா, பிறகு செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் வெளிர்மஞ்சள் மட்டும். நிறம் மாறுவது சங்கிலி குட்டையாகிக்கொண்டே போவதால். சுருளுக்குப் போதிய நீளம் இல்லையென்றால் நீலம் வராது.

இரண்டு எச்சரிக்கை. கரைசல் சூடாக இருந்தால் அமிலேஸ் இல்லாமலே நீலம் மறையும், ஆறினால் திரும்ப வரும். அதைப் பார்த்து நொதி வேலை செய்கிறது என்று எழுதிவிடாதீர்கள். இன்னொன்று, நிறம் போய்விட்டது என்றால் எல்லாம் குளுக்கோஸ் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. மால்டோசும் குட்டை டெக்ஸ்ட்ரினும் அயோடினுக்குத் தெரியாது.

15. முதலில் கண்டுபிடித்தது யார்?

1833-இல் ஆன்செல்ம் பாயென், ஜான்-ஃபிரான்சுவா பெர்சோ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள், முளைவிட்ட பார்லியின் சாற்றில் ஆல்கஹால் ஊற்றி ஒரு வெள்ளைப் படிவைப் பிரித்தார்கள். டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். தனியே பிரிக்கப்பட்ட முதல் நொதியாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். இன்றைய கண்ணோட்டத்தில் அது தனி நொதியும் அல்ல, ஆல்ஃபாவும் பீட்டாவும் கலந்த கலவை. 1894-இல் ஜோகிச்சி டகாமினே பூஞ்சையிலிருந்து எடுத்த டாக்கா-டயஸ்டேசுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 5-ஆம் பதிலில் வந்த டாக்கா-அமிலேஸ் அதன் வாரிசு.

16. தொழிற்சாலையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

குளுக்கோஸ் பாகு தயாரிப்பதை எடுத்துக்கொள்வோம். 30 முதல் 35 சதவீத மாவுச்சத்துக் கலவையில் பேசில்லஸ் லைகெனிஃபார்மிஸ் வகை ஆல்ஃபா-அமிலேசைச் சேர்த்து, நீராவியை நேரடியாகச் செலுத்தி 105 டிகிரி செல்சியசில் சில நிமிடம் வைப்பார்கள். பெரும்பாலான நொதிகள் அந்தச் சூட்டில் வெந்துவிடும், இது தாங்கும். மாவுமணிகள் உப்பி வெடிக்கும் அதே நேரத்தில் வெட்டும் தொடங்கிவிட வேண்டும். இல்லையென்றால் கூழ் இறுகிக் குழாயே அடைத்துக்கொள்ளும். பிறகு 95 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம்.

அப்புறம் சூட்டை 60 டிகிரிக்கும் பி.எச்.-ஐ 4.5-க்கும் இறக்கி, ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் குளுக்கோஅமிலேசும் புல்லுலனேசும் சேர்த்து இரண்டு மூன்று நாள் விடுவார்கள். குளுக்கோஸ் 95 சதவீதத்தை ஒட்டி வரும். இன்னும் ஒரு நாள் விட்டால் நூறு ஆகிவிடாதா என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். ஆகாது, குறையத் தொடங்கும். அடர்த்தியான குளுக்கோஸ் கரைசலில் குளுக்கோஅமிலேஸ் எதிர்த்திசையில் வேலை செய்து இரண்டிரண்டு குளுக்கோசை ஐசோமால்டோசாகக் கோத்துவிடும். எப்போது நிறுத்துவது என்பதில்தான் கைத்தேர்ச்சி.

ரொட்டி சீக்கிரம் காய்ந்து விறைக்காமல் இருக்க மால்டோஜெனிக் அமிலேஸ், நெசவில் பசையை நீக்க சாதாரண அமிலேஸ், துணிசோப்புத் தூளில் கால்சியம் இல்லாமலும் தாக்குப்பிடிக்கும்படி மாற்றியமைத்த அமிலேஸ் என்று பட்டியல் நீளும். சோப்புத் தூளில் கால்சியத்தைக் கட்டிப்போடும் பொருட்கள் இருப்பதால் அங்கே சாதாரண அமிலேஸ் நிற்காது.

17. செல்லுலோசும் குளுக்கோஸ்தானே, அமிலேஸ் ஏன் அதைத் தொடுவதில்லை?

அங்கே இருப்பது பீட்டா-1,4 பிணைப்பு. சங்கிலி சுருளாமல் நேராக நிற்கிறது, பக்கத்துச் சங்கிலிகளோடு இறுகிக்கொள்கிறது. அமிலேசின் பள்ளத்தில் அது பொருந்தாது.

18. புதிய மரபணு வரிசை கிடைத்திருக்கிறது, கணினி 'ஆல்ஃபா-அமிலேஸ்' என்கிறது. நம்பலாமா?

ஜி.எச்.13 என்பதை நம்பலாம், வேலையை நம்பாதீர்கள். தானியங்கி முறையில் பெயரிடும்போது இந்தக் குடும்பத்தில் வருவதெல்லாம் 'ஆல்ஃபா-அமிலேஸ்' என்று விழுந்துவிடுகிறது. முதலில் துணைக்குடும்பம் எது என்று பாருங்கள். பிறகு அந்த மூன்று அமிலங்களும், அதாவது இரண்டு அஸ்பார்டிக்கும் ஒரு குளூட்டமிக்கும், அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று வரிசையை ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் 7-ஆம் பதிலில் பார்த்த கதையாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு சோதனைதான். கரையும் மாவுச்சத்து, புல்லுலன் (பூஞ்சை செய்யும் குளுக்கோஸ் சங்கிலி), சைக்ளோடெக்ஸ்ட்ரின், மால்டோட்ரையோஸ், சுக்ரோஸ் ஐந்தையும் தனித்தனியே கொடுத்து, விளைபொருட்களை மென்படல நிறப்பிரிகையில் ஓட்டுங்கள். கொடுத்ததைவிட நீளமான சர்க்கரை தட்டில் தெரிந்தால் அது ஒட்டும் வேலையும் செய்கிறது. சுக்ரோசை மட்டும் தொட்டால் அமிலோசுக்ரேசையோ சுக்ரோஸ் பாஸ்பாரிலேசையோ சந்தேகிக்கலாம். பாஸ்பாரிலேஸ் என்றால் பாஸ்பேட் இல்லாத தாங்கலில் வேகம் விழுந்துவிடும், அதனால் இரண்டு தாங்கலிலும் ஓட்டுங்கள். கொதிக்கவைத்துக் கொன்ற நொதியோடு ஒரு குழாய் பக்கத்திலேயே இருக்கட்டும். கடையில் வாங்கும் மால்டோட்ரையோசிலேயே கொஞ்சம் மால்டோஸ் கலந்திருப்பது வழக்கம்.